தேதி எழுதிய பனிப் படங்கள்



ஒவ்வோர் ஆண்டும் கத்திரி வெயில் தொடங்கியதும் உங்கள் கைபேசிக்கு ஒரு படம் வந்து சேரும். துண்டுப் பனியில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும் பனிக்கரடி, இடிந்து கடலில் விழும் பனிச்சுவர், வெறும் பாறையாகிப்போன இமயமலைச் சிகரம், இவற்றில் ஏதாவது ஒன்று. கீழே "உலகம் அழிகிறது, பத்து பேருக்கு அனுப்பவும்" என்று எழுதியிருக்கும். சிலர் பதறிப்போய் அனுப்புவார்கள். சிலர் "எல்லாம் கிராபிக்ஸ்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தப் படத்தை எங்கே, எப்போது, யார் எடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

பனியைப் படமெடுப்பதற்கு ஏறக்குறைய 160 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. வளவனூரில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விருத்தாசலத்துச் சாட்சி

பனிக்குப் போகும் முன் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடுபோய், கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கலைக்கூடத்தில் நின்றது. விற்றவர்கள் காட்டிய காகிதங்கள் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தன. அவை பொய் என்று நிரூபிக்க உதவியது ஒரு பழைய புகைப்படம். 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் காலமும் குறித்து வைத்திருந்தார்கள். 1970களில் எடுத்த அவர்களின் படத்தில் அதே சிலை அதே கோயில் மாடத்தில் இருந்தது. 2014இல் ஆஸ்திரேலியா சிலையைத் திருப்பிக் கொடுத்தது.

எடுத்தவர்கள் திருட்டைப் பிடிக்க அந்தப் படத்தை எடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி பதிவு செய்தார்கள், குறிப்பு எழுதினார்கள், பத்திரமாக வைத்தார்கள். பல ஆண்டு கழித்து அது சாட்சி ஆனது. பனியின் கதையும் இதேதான். அங்கே காணாமல் போவது மட்டும் வேறு.

கண்ணாடித் தகடுகளோடு கோமுகத்துக்கு

மலைமேல் விழும் பனி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, இறுகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல வழிந்து இறங்கும். அதைப் பனியாறு என்கிறோம். அது முடியும் இடம் அதன் முனை. மேலே சேரும் பனியைவிடக் கீழே உருகுவது அதிகமானால் முனை பின்வாங்கும். கங்கோத்ரிப் பனியாற்றின் முனைதான் கோமுகம். பாகீரதி ஆறு அங்கே சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பனிக் குகையிலிருந்து வெளியே வருகிறது.

சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863இல் இந்தியா வந்தார். இமயமலைக்கு மூன்று நீண்ட பயணங்கள் போனார். மூன்றாவது பயணம் 1866இல். அந்த ஆண்டு மாணிரங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். அதற்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு அவ்வளவு உயரத்தில் வேறு யாரும் படமெடுக்கவில்லை. அதே பயணத்தில் கங்கோத்ரிப் பனியாற்றின் முனையையும் படமெடுத்தார்.

அன்று படமெடுப்பது எவ்வளவு பாடு என்று எண்ணிப் பாருங்கள். ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைச் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அது காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியெடுக்க வேண்டும். கண்ணாடி, மருந்துகள், கூடாரம், பெரிய மரக் கேமரா எல்லாவற்றையும் டஜன் கணக்கான கூலியாட்கள் முதுகில் சுமந்து ஏறினார்கள். குளிரில் விரல் மரத்துப்போகும். தகடு கைதவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடும்.

போர்ன் தேடியது அழகான காட்சியைத்தான். பருவநிலை மாற்றம் என்ற பேச்சே அன்று இல்லை. ஆனால் எந்த இடம், எந்த ஆண்டு என்பது தெரிந்திருப்பதால் அவருடைய படம் இன்று ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. அவர் பெயரைச் சுமந்த கொல்கத்தாவின் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' ஸ்டுடியோ 2016 வரை நடந்தது.

பாறையில் அடையாளம் வைத்தவர்கள்

அழகுக்காக எடுப்பதிலிருந்து அளப்பதற்காக எடுப்பது என்ற மாற்றம் 1906இல் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அந்த ஆண்டு காஷ்மீரிலிருந்து குமாவுன் வரை பல பனியாறுகளுக்குச் சென்றார்கள். முனைக்கு அருகில் அசையாத பாறைகளில் அடையாளம் வைத்தார்கள். அங்கிருந்து பனிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். படமும் எடுத்தார்கள். பின்னால் வருகிறவர் அதே இடத்தில் நின்று அளக்க வேண்டும் என்பதே நோக்கம். நம் ஊர் ஏரி மதகில் நீர்மட்டம் பார்க்கக் கோடு போட்டிருப்பார்களே, அதுபோலத்தான்.

கோமுகத்தில் அந்த வேலையைச் செய்தவர் அதே துறையைச் சேர்ந்த ஜான் ஆடன். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன் இவர். 1935இல் பனியாற்றின் முனை இருந்த இடத்தை அளந்து வரைபடமாக்கினார். அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அந்த வரைபடத்தோடு அதே இடத்துக்குப் போனார்கள். 1935 முதல் 1996 வரை முனை 1,100 மீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 19 மீட்டர். போர்ன் பனியைப் பார்த்த இடத்தில் இன்று நின்றால் கல்லும் மணலும்தான் தெரியும்.

இதேபோன்ற இன்னொரு ஜோடிப் படம் எவரெஸ்டின் வடபுறம், திபெத்தில் இருக்கிறது. 1921இல் எவரெஸ்டுக்கு வழிதேடிப் போன ஜார்ஜ் மல்லோரி அங்குள்ள ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்தார். 2007இல் டேவிட் பிரஷியர்ஸ் என்ற அமெரிக்க மலையேறி அந்தப் பழைய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மல்லோரி நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிகரம் அப்படியே இருக்கிறது. கீழே பனியாற்றின் தடிமன் மட்டும் ஏறக்குறைய 100 மீட்டர் இறங்கியிருக்கிறது. முப்பது மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

துருவத்தில்: 120 தகடுகள்

துருவங்களில் எடுத்த முதல் படங்களுக்கு உயிரையே பணயம் வைத்தார்கள். 1911 ஜனவரியில் அண்டார்க்டிகாவில், ஸ்காட்டின் குழுவோடு போயிருந்த ஹெர்பர்ட் பாண்டிங் பனித்தட்டின் விளிம்பில் கேமராவோடு நின்றபோது, ஓர்கா திமிங்கிலங்கள் அடியிலிருந்து முட்டி அந்தப் பனியையே உடைத்தன. துண்டு துண்டாகத் தாவித் தப்பி வந்தார். அந்தக் கண்டத்தின் பென்குயின்களையும் சீல்களையும் உலகம் நன்றாகப் பார்த்தது இவர் படங்களில்தான்.

ஷேக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915இல் பனிக்குள் சிக்கி நசுங்கியபோது, புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி நீர் புகுந்த கப்பலுக்குள் இறங்கித் தகரப் பெட்டிகளில் இருந்த கண்ணாடித் தகடுகளை மீட்டார். எல்லாவற்றையும் பனிமேல் இழுத்துச் செல்ல முடியாது. அவரும் ஷேக்கிள்டனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து 120 தகடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதி சுமார் 400 தகடுகளை அங்கேயே உடைத்தார்கள். திரும்ப வந்து எடுக்க மனம் அலைபாயக் கூடாது என்பதற்காக. 2022இல் அந்தக் கப்பலைக் கடலுக்கு அடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். ஹர்லியின் படங்களில் உள்ள கப்பல் அதுவே என்று பார்த்ததும் தெரிந்தது.

இந்தியா அண்டார்க்டிகாவுக்குப் போனது 1981 டிசம்பரில். கடலியல் அறிஞர் சையத் ஜஹூர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டு 1982 ஜனவரி 9ஆம் தேதி இறங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் வந்தது. அதற்குள் ஓர் அஞ்சலகமும் நடந்தது! கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டிய அந்த நிலையம் ஆண்டுதோறும் விழுந்த பனியில் புதைந்துகொண்டே போனது. 1990இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பதில் பாறை நிலத்தில் 'மைத்ரி', பிறகு 2012இல் 'பாரதி'. மைத்ரிக்கு அருகில் தட்சிண கங்கோத்ரி என்றே பெயரிட்ட ஒரு பனியாறு உண்டு. 1906இல் இமயத்தில் அடையாளம் வைத்த அதே புவியியல் ஆய்வுத் துறையினர் 1983 முதல் அதன் முனையைக் கண்காணித்து வருகிறார்கள்.

தீபகற்பம் தீவான கதை

வடதுருவப் பகுதியில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவில் 2008இல் இந்தியா 'ஹிமாத்ரி' நிலையத்தைத் திறந்தது. அது இருக்கும் கடற்கழியில் 2014இல் நீருக்கடியில் அளவீட்டுக் கருவிகளின் தொகுதி ஒன்றை இறக்கினார்கள். அதில் பங்காற்றிய நிறுவனங்களில் ஒன்று நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்.

அதே கடற்கழியின் எதிர்க்கரையில் ப்ளோம்ஸ்ட்ராண்ட் என்ற இடம். நார்வே மொழியில் அதன் பெயரிலேயே 'தீபகற்பம்' என்ற சொல் சேர்ந்திருக்கிறது. நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் ஒட்டவைத்திருந்தது பனியாறு. 1990களில் அது பின்வாங்கியபோது நடுவில் கடல் வந்தது. தீபகற்பம் தீவாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. 2002இல் கிறிஸ்டியன் ஆஸ்லுண்ட் என்ற சுவீடன் புகைப்படக்காரர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்களோடு அங்கே போய் அதே இடங்களை மறுபடி எடுத்தார். பழையதில் பனிச்சுவர், புதியதில் நீர்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பும் எழுந்தது. சில பனியாறுகள் பல பத்தாண்டுக்கு ஒருமுறை திடீரென்று முன்னே பாய்ந்து, பிறகு நீண்ட காலம் பின்வாங்கும் இயல்புள்ளவை. ப்ளோம்ஸ்ட்ராண்ட் பனியாறும் அந்த வகைதான். காரகோரம் மலைகளில் சில பனியாறுகள் பின்வாங்காமலே இருக்கின்றன, சில முன்னேறியும் இருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு ஜோடிப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல இடங்களில், பல ஆண்டுகளாக எடுத்த படங்களும் அளவுகளும் ஒரே பக்கம் சுட்டும்போதுதான் அது சான்று. உலகப் பனியாறுகளை மொத்தமாகப் பார்த்தால் அவை குறைந்துகொண்டே வருகின்றன என்பதில் இன்று ஐயமில்லை.

கரடிக்கு யார் தலைப்பு வைத்தார்கள்?

2017இல் கனடாவின் வடக்கே ஒரு தீவில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய பனிக்கரடியின் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. உங்களுக்கும் வந்திருக்கும். "பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்" என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். அந்தக் கரடிக்கு நோயா, முதுமையா, பசியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீடியோவை வெளியிட்ட நேஷனல் ஜியாகிரஃபிக் அடுத்த ஆண்டே, தலைப்பில் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. படம் உண்மை. தலைப்புதான் எல்லை தாண்டியது. "எல்லாமே பொய்" என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

இதற்கு மாறாக, கண்ணீர் வரவைக்காத ஒரு படத்தைச் சொல்கிறேன். அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயின் கூட்டங்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுகிறார்கள். பறவை தெரியாது. வெள்ளைப் பனியில் அவற்றின் எச்சத்தின் பழுப்புக் கறை தெரியும். 2022இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் குஞ்சுகளுக்கு நீர்புகாத இறகு முளைக்கும் முன்பே கடற்பனி உடைந்தது. அங்கே கண்காணித்த ஐந்து கூட்டங்களில் நான்கில் கறை அந்தப் பருவத்தின் நடுவிலேயே மறைந்துபோனது. குஞ்சுகள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். பார்க்க ஒன்றுமில்லாத பழுப்புப் புள்ளிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் உண்டு. யாராலும் மறுக்க முடியவில்லை.

நமக்கும் பனிக்கும் என்ன தொடர்பு?

நேராகச் சொல்லிவிடலாம். கங்கோத்ரி உருகினால் தென்பெண்ணையில் நீர் குறையாது. நம் ஆறும் ஏரியும் மழையை நம்பியவை. ஆனால் கடல் ஒன்றுதான். டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டம் ஏறாது. வெளியிலிருந்து ஒரு கட்டியைப் போட்டால் ஏறும். மிதக்கும் கடற்பனிக்கும் நிலத்தின் மேலுள்ள பனிக்கும் வித்தியாசம் அதுதான். நிலப்பனி உருகுவதாலும், சூடேறிய கடல்நீர் விரிவதாலும் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. நம் மாவட்டத்துக் கடற்கரை மரக்காணம். அங்கே உப்பளமும் வயலும் கழியும் கடலோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இன்னொரு தொடர்பு சிறகோடு வருகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. குளிர்காலத்தில் அங்கே சேற்றில் ஓடி ஓடி இரை பொறுக்கும் சின்னஞ்சிறு கொசு உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். எடை 25 கிராம் அளவுதான். முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாச் சமவெளியில். அதன் உறவான, அலகு கீழ்நோக்கி வளைந்த இன்னொரு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது. அதன் எண்ணிக்கை வேகமாகக் குறைவதால் 2024இல் அதை அழியும் ஆபத்துள்ள பறவைகளின் வரிசையில் சேர்த்தார்கள். துருவத்தில் பனி முன்கூட்டியே உருகினால் பூச்சிகள் முன்கூட்டியே வரும். குஞ்சு பொரிக்கும்போது இரை குறைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கவலை. துருவத்துப் பறவையைப் படமெடுக்க நீங்கள் கப்பல் ஏற வேண்டியதில்லை. திண்டிவனம் வழியாக ஒரு பேருந்து போதும்.

நாம் செய்யக்கூடியது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் பகுதி எங்கும் வெள்ளம். அன்று எடுத்த படங்கள் பலர் கைபேசியில் இருக்கும். தண்ணீர் எந்தத் தெருவில் எந்தப் படி வரை வந்தது என்று நாளை வடிகாலுக்கு மனு எழுதும்போது கேட்டால் அவற்றில் எத்தனை பதில் சொல்லும்? பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் கைமாறி வந்தவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்பு அழிந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு படங்கள் எடுப்போம்: ஏரிக்கரையிலிருந்து நீர்ப்பரப்பு, நம் கிணற்றின் நீர்மட்டம், வாசல் வடிகால், மொட்டைமாடியிலிருந்து வயல்பக்கம்.

முறை எளிது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நில்லுங்கள். அதற்குத் தரையில் பெயின்டால் ஓர் அடையாளம் போதும். மதகு, மின்கம்பம், படிக்கட்டு என்று அசையாத ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். ஜூம் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், குறிப்பு அழியாது. தேதி, இடம், எடுத்தவர் பெயர் மட்டும் எழுதுங்கள். ஏரி நிரம்பியிருந்தால் "நிரம்பியிருக்கிறது" என்று எழுதினால் போதும். காரணத்தைப் படங்கள் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

பழைய ஆல்பங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். கல்யாணப் படத்தின் பின்புறத்தில் ஏரிக்கரை இருக்கலாம், பள்ளிச் சுற்றுலாப் படத்தில் மரக்காணக் கடற்கரை இருக்கலாம். ஆண்டு நினைவிருந்தால் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். நினைவுள்ள பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.

முதல் நான்கு படங்களை எடுக்க முன்வருவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அடுத்த இதழில் அவை தேதியோடு வெளியாகும்.